காற்றின் கண்: நார்வேக்காரர்கள் தேய்த்த சொற்களும் தேய்க்காத சொற்களும்

நார்வேயில் ஜன்னலுக்கு 'விண்டு' என்று பேர். ரெண்டே அசை. அங்கே ஒரு சின்னப் பையனைப் பிடித்து "விண்டு என்றால் என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டால், சுவரில் இருக்கும் கண்ணாடியைக் கையால் காட்டுவான். அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, வைக்கிங் காலத்தில், இதே சொல் 'விண்டௌகா' என்று இருந்தது. 'விண்ட்' என்றால் காற்று. 'ஔகா' என்றால் கண். காற்றின் கண்! புகை வெளியே போகவும் காற்று உள்ளே வரவும் வீட்டில் விட்டு வைத்த ஓட்டைக்கு எவ்வளவு அழகான பேர் பாருங்க.

இங்கிலாந்துக்குப் படகேறிப் போன வைக்கிங்குகள் கத்தி, கோடாரியோடு இந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்தில் நாம் சொல்கிற 'விண்டோ' அதுதான். மைக்ரோசாஃப்ட் இத்தனை வருஷமா காசு பார்த்ததும் இந்தக் காற்றுக் கண்ணை வெச்சுத்தான்.

நம்ம ஆட்களுக்கும் இதே கற்பனை தோன்றியிருக்கு. சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்கு 'காலதர்' என்று ஒரு சொல் வரும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நாம் அதைப் பரணில் போட்டுவிட்டு போர்த்துகீசியர்களிடமிருந்து 'ஜன்னலை' வாங்கிக்கொண்டோம். நார்வேக்காரர்கள் சொல்லைத் தூக்கிப் போடவில்லை, தேய்த்துவிட்டார்கள். எப்படித் தேய்ந்தது? இந்தச் சொல் தேய்ந்தபோது பக்கத்தில் இருந்த இன்னொரு சொல் ஏன் தேயாமல் நின்றது? அதில் ஒரு நாட்டின் வரலாறு எப்படி ஒளிந்திருக்கு? இதுதான் இன்றைய கதை. நீளமான பதிவு, டீ காபி ஏதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

எனக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். பொட்டி தட்டுகிற பிழைப்பில் ஒரு சமயம் நார்வேஜிய மொழியில் வரவேண்டிய திரைகளுக்கு இடம் ஒதுக்கும் வேலை வந்தது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக அழகாக மடிந்து உட்காரும் வரி, நார்வேஜியத்தில் ஒரே சொல்லாகப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. அங்கே பிடித்த ஆர்வம், விடவில்லை.

முதலில் அடிப்படை. நார்வேஜியத்தில் ரெண்டு பெயர்ச்சொல்லை ஒட்டி வைத்தால் புதுச் சொல். எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். அந்த மொழியின் நீளமான சொல்லுக்கு உதாரணமாக அடிக்கடி காட்டும் ஒன்று இருக்கு: குறைக்கடத்தியில் சிறுபான்மை மின்னூட்டத் தாங்கிகளின் விரவல் குணகத்தை அளக்கும் கருவி. இவ்வளவும் ஒரே சொல்! எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு ரெண்டாம் வருஷ அரியர் ஞாபகம் வரலாம், மன்னிக்கவும்.

ஆனா எழுத்தில் ஒட்டுவது ரெண்டாம்பட்சம். காதுக்குத்தான் முக்கியம். 'எங்கெல்ஸ்க் லேரர்' என்று ரெண்டு சொல்லாகச் சொன்னால் ஆங்கிலேய நாட்டு வாத்தியார். அவர் கணக்குகூட நடத்தலாம். 'எங்கெல்ஸ்க்லேரர்' என்று ஒரே சொல்லாகச் சொன்னால் ஆங்கிலப் பாடம் நடத்தும் வாத்தியார். அவர் சுத்த நார்வேக்காரராக இருக்கலாம். வித்தியாசம் எங்கே? முதல் வகையில் ரெண்டு சொல்லுக்கும் தனித்தனி அழுத்தம், கனமானது பின்னாடி விழும். ரெண்டாவது வகையில் முதல் பகுதியின் தலையில் ஓங்கி ஒரு அழுத்தம், பின்பகுதிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு துணை அழுத்தம். மொத்தமும் ஒரே மூச்சு.

இந்தத் துணை அழுத்தம்தான் நம்ம கதையின் நாயகன். அது இருக்கும் வரை கூட்டுச்சொல் உயிரோடு இருக்கும், கேட்பவனுக்கு ரெண்டு பகுதியும் தெரியும். அது போய்விட்டால் பின்பகுதி அழுத்தம் இல்லாத வெறும் வால். நெடில் குறிலாகும், குறில் மங்கும், கடைசியில் காணாமல் போகும். விண்டௌகாவின் 'கண்' அப்படித்தான் மூடியது. பக்கத்து வீட்டுக்காரரை 'நாபு' என்கிறார்கள். மூலத்தில் அது 'நா-பூய்', அதாவது அருகில் குடியிருப்பவன். சனிக்கிழமை இன்னும் தமாஷ். இப்போது 'லோர்டாக்', ரெண்டு அசை. பழைய நார்ஸ் மொழியில் 'லௌகர்டாகர்', மூன்று அசை. அர்த்தம், குளிக்கிற நாள். ஆமாங்க, சனி நீராடு என்பது அங்கேயும் இருந்திருக்கு! நீராட்டுச் சத்தம் முழுக்கத் தேய்ந்துபோய், இன்று கிழமை மட்டும் மிச்சம்.

இந்தத் தேய்மானம் எப்போது ஆரம்பித்தது? அதற்கு ஒரு கல்லைப் பார்க்கவேண்டும். நார்வேயின் தென்கிழக்கில் எஸ்ட்ஃபோல் பகுதியில் ட்யூனெ என்ற ஊர். அங்கே தேவாலயச் சுவரில் பதிந்திருந்த ஒரு கல்லை 1627-இல் கவனித்தார்கள். ரூன் எழுத்தில் வெட்டியது, காலம் சுமார் கி.பி. 400. இப்போது ஓஸ்லோவில் அருங்காட்சியகத்தில் இருக்கு. வீவாஸ் என்பவர் இறந்துபோன வோதுரீதாஸ் என்ற தலைவனுக்காக எழுத்து வெட்டியதைச் சொல்கிறது. மூன்று மகள்களைப் பற்றியும் வருகிறது. தலைவனைக் குறிக்க ஒரு கூட்டுச்சொல்: 'விதந்தஹ்லைபன்'. ரொட்டியைக் கவனித்துக்கொள்பவன், அதாவது சோறு போடும் எசமான். ஆங்கிலத்தின் 'லார்டு' என்ற சொல்லும் மூலத்தில் 'ரொட்டி காப்பவன்' என்ற கூட்டுச்சொல்தான். ரெண்டும் ஒரே சமூகத்தின் யோசனை.

இப்போ அந்தக் கல்லில் இருக்கும் சொற்களின் நீளத்தைப் பாருங்க. எல்லா அசையும் முழுசாக, நிதானமாக நிற்கிறது. அந்தக் காலத்தில் பகலுக்கு 'தகஸ்', விருந்தாளிக்கு 'கஸ்திஸ்'. அழுத்தம் சொல்லின் முதல் அசையில். முன்னாடி இவ்வளவு பலமாக அடித்தால் பின்னாடி என்ன ஆகும்? மூச்சு மிஞ்சாது. கி.பி. 500-க்கும் 700-க்கும் நடுவில் அழுத்தம் இல்லாத உயிர்கள் கொத்துக்கொத்தாக உதிர்ந்தன. 'தகஸ்' 'டாகர்' ஆச்சு. 'கஸ்திஸ்' 'கெஸ்டர்' ஆச்சு. தமிழில் எழுதும்போது ரெண்டு அசை மாதிரி தெரியும், ஆனால் கடைசி ரகரத்துக்கு முன்னால் உயிர் கிடையாது, உச்சரிப்பில் ஒரே அசைதான். ஒரு இருநூறு வருஷத்தில் மொழியே பாதியாகச் சுருங்கிவிட்டது என்று வையுங்க. கல்வெட்டுகளில் இந்த மாற்றத்தை அப்படியே பார்க்க முடிகிறது.

சுருங்கின சொற்கள் சும்மா போகவில்லை, இசையை விட்டுவிட்டுப் போயின. நார்வேஜியம் பேசுவதைக் கேட்டவர்கள் 'பாடுகிற மாதிரி இருக்கே' என்பார்கள். காரணம், அந்த மொழியில் ரெண்டு வகை ஏற்ற இறக்கம் இருக்கு. ஒன்றாம் ஏற்றம், ரெண்டாம் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் புத்தகத்திலும் வரும் உதாரணம்: 'பொன்னர்'. (நம்ம பொன்னர்-சங்கர் பொன்னர் இல்லை.) ஓஸ்லோ பக்கத்தில் தாழ்வாகத் தொடங்கி மேலே போனால் விவசாயிகள். உயரத்தில் தொடங்கி இறங்கி மறுபடி ஏறினால் அவரைக்கொட்டை, அல்லது பிரார்த்தனை. ஏன் இப்படி? விவசாயிகளுக்கான பழைய சொல்லில் ஒரே அசைதான் இருந்தது. கடைசியில் மெய்கள் நெரிசலாக நின்றதால் பிற்காலத்தில் நடுவே ஒரு உயிர் நுழைந்து ரெண்டு அசை ஆனது. அவரைக்கொட்டைக்கான சொல் ஆதியிலிருந்தே ரெண்டு அசை. இன்றைக்கு ரெண்டும் ரெண்டு அசைதான், ஆனால் பாட்டு மட்டும் பழைய கணக்கை மறக்கவில்லை. எழுத்தில் இந்த ஏற்றத்துக்கு ஒரு குறியும் கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அசை எண்ணிக்கையை, எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்களும் பால்காரிகளும் தொண்டையிலேயே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் இதே வித்தியாசம் பாட்டாக இல்லை. நம்ம 'விவசாயிகள்' சொல்லில் தொண்டையை ஒரு கணம் இறுக்கிப் பிடிப்பார்கள், 'அவரை'யில் பிடிக்கமாட்டார்கள்.

இந்த ரெண்டாம் ஏற்றம் எங்கே பிறந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. அதில் ஒரு கருத்து நம்ம கதைக்கு நேரே வருகிறது. டோமாஸ் ரியாட் என்ற ஸ்வீடிஷ் மொழியியலாளர் 1998-இல் எழுதிய கட்டுரையில் சொல்வது: உயிர்கள் உதிர்ந்தபோது, தள்ளித்தள்ளி நின்ற ரெண்டு அழுத்தங்கள் ஒன்றையொன்று இடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டன. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு அடி அடிப்பது கஷ்டம், அதனால் பின்னால் நின்ற அழுத்தம் விலகியது. ஆனால் அதோடு இருந்த சுருதி மட்டும் முன் அசையோடு ஒட்டிக்கொண்டது. அவர் கணக்குப்படி பார்த்தால் ரெண்டாம் ஏற்றம் என்பது ஒரு பழைய ரெண்டாவது அழுத்தத்தின் ஆவி. கூட்டுச்சொற்களில் ரெண்டு அழுத்தமும் இன்றுவரை இருக்கு. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் கூட்டுச்சொல் என்றாலே ரெண்டாம் ஏற்றம்தான். ஓஸ்லோவில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, முதல் பகுதி என்ன சொல் என்பதைப் பொறுத்து மாறும்.

ஆவி என்று சும்மா சொல்லவில்லை. ட்ரொன்ஹெய்ம் பக்கத்து வட்டாரப் பேச்சில், 'எறிவது' என்ற வினையின் கடைசி உயிரையும் விழுங்கிவிட்டு 'கஸ்ட்' என்று ஒரே அசையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒற்றை அசைக்குள் ரெண்டு அசைக்கான பாட்டு முழுவதையும் திணித்துப் பாடுவார்கள். வீடு இடிந்துபோன பிறகும் மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

அடுத்த பெரிய மாற்றம் எடையில். நமக்குக் குறில், நெடில், ஒற்று எல்லாம் மூன்றாம் வகுப்பிலேயே பழக்கம், அதனால் இது சுலபமாகப் புரியும். பழைய நார்ஸில் அழுத்தமான அசை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். குறில் + ஒற்றை மெய், நெடில் + ஒற்றை மெய், குறில் + இரட்டை மெய், நெடில் + இரட்டை மெய் என்று நாலு வகை. சுமார் 1250-க்கும் 1550-க்கும் நடுவில் இந்த நாலு ரெண்டாகச் சுருங்கியது. இனி அழுத்தமான அசை என்றால் ஒன்று நெடில் இருக்கணும், இல்லையா, குறிலுக்குப் பின்னால் மெய் நீளணும். இலேசான அசைக்கும் இடமில்லை, மிகக் கனமான அசைக்கும் இடமில்லை. 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்றால் நன்றி. கூரைக்கான பழைய சொல்லில் குறில்தான் இருந்தது, இந்தச் சட்டத்துக்குப் பணிந்து நெடிலானது. 'இரவு' என்ற சொல்லில் நெடிலும் இரட்டை மெய்யும் சேர்ந்து இருந்தன, நெடில் குறிலானது. இதற்கும் அடங்காத சில மலைக்கிராமங்கள் உண்டு. கூட்பிரான்ஸ்தால் பள்ளத்தாக்கின் வடக்குக் கோடியில் இலேசான பழைய அசை நவீன காலம் வரை பிழைத்திருந்தது.

இந்தச் சட்டத்தால் கூட்டுச்சொல்லுக்கு என்ன நடந்தது? துணை அழுத்தம் வைத்திருந்த பின்பகுதிகள் தங்கள் எடையைக் காப்பாற்றிக்கொண்டன. அதை இழந்தவை எடையையும் இழந்தன. ஊர்ப்பெயர்களில் இது கண்கூடு. ஓஸ்லோ பக்கத்தில் 'பேரும்' என்று ஒரு ஊர் இருக்கு. பழைய பேர் 'பெர்க்ஹெய்மர்', மலை வீடு. 'பெர்கன்' நகரம் 'ப்யோர்க்வின்', மலை நடுவே புல்வெளி. ஏன், நாடே அப்படித்தான். 'நோர்த்வெகர்', வடக்கு வழி. அது தேய்ந்து 'நோர்கெ'. தினமும் நூறு தடவை வாயில் புரளும் பேர் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகாமல் என்ன செய்யும்? ஒலுஃப் ரீக் என்ற பேராசிரியர் நார்வேயின் பண்ணைப் பெயர்களையெல்லாம் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு ஒரு மாபெரும் தொகுப்பைத் தொடங்கினார். முதல் தொகுதி 1897-இல் வந்தது, அவர் இறந்த பிறகும் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு பேரும் ஒரு கூட்டுச்சொல்லின் மரண வாக்குமூலம் மாதிரி இருக்கும்.

இதுவரை உள்வீட்டு விவகாரம். இப்போ வெளியாட்கள் வருகிறார்கள். சுமார் 1360-இல் ஹான்சா வணிகர்கள் பெர்கனில் தங்கள் கிடங்கலுவலகத்தை நிறுவினார்கள். கருவாட்டு வியாபாரம். அவர்களுடைய கீழ் ஜெர்மன் மொழி நார்வேக்குள் வெள்ளமாகப் புகுந்தது. அதோடு ஒரு புது வகைச் சொல்லும் வந்தது: தலையில் அழுத்தம் இல்லாத சொல். 'பெ-', 'ஃபொர்-' என்ற முன்னொட்டுகள் மங்கலாக வந்து, அழுத்தம் ரெண்டாவது அசையில் விழும். தொடங்குவதற்கு 'பெயின்னெ', புரிந்துகொள்வதற்கு 'ஃபொர்ஸ்டோ'. முதல் அசையில் ஓங்கி அடித்தே பழகிய நாக்குக்கு இது விருந்தாளி. பிற்பாடு பிரெஞ்சிலிருந்து கடைசி அசையில் அடிக்கும் சொற்களும் வந்தன. கிழக்கு நார்வேயின் சாமானியப் பேச்சு இன்றும் அந்த விருந்தாளிகளை மடக்கிப் பிடித்து முதல் அசையிலேயே அடிக்கும். 'பனான்' என்று கடைசியில் அழுத்த வேண்டிய வாழைப்பழத்தை முதலிலேயே அழுத்துவார்கள். செய்தித்தாளுக்கும் ரயில் நிலையத்துக்கும் அதே கதி. படித்த வாய் எது, உழைக்கிற வாய் எது என்று இதை வைத்தே எடை போடுகிற வழக்கமும் இருந்தது. அழுத்தம் எந்த அசையில் என்பது வெறும் இலக்கணம் இல்லை சாமி, அந்தஸ்து!

அதற்கும் முன்னாடியே பேரிடி. 1349-இல் கொள்ளைநோய். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் போயிருக்கலாம் என்கிறார்கள். எழுதத் தெரிந்த பாதிரிகளும் எழுத்தர்களும் செத்தார்கள். 1380-லிருந்து 1814 வரை டென்மார்க்கோடு பிணைப்பு. 1537-இல் மதச் சீர்திருத்தம் வந்தபோது நார்வேக்கு வந்த பைபிள் டேனிஷ் மொழியில். நானூறு வருஷத்துக்கு மேல் பேசுவது நார்வேஜியம், எழுதுவது டேனிஷ். 'காற்றின் கண்' டேனிஷ் வழியாகத் தேய்ந்து புத்தகத்தில் உட்கார்ந்தது. மேற்கு மலைகளில் மட்டும் கிராமத்து ஜனங்கள் கண்ணை மூடாமல் 'விண்டௌகா' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் ஈவார் ஓசன் வருகிறார். 1813-இல் ஒர்ஸ்டாவில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர், எல்லாம் தானே படித்தது. 1842-இல் நடக்க ஆரம்பித்தார். நாலு வருஷம் ஊர் ஊராகப் போய் ஜனங்கள் பேசுவதைக் குறிப்பெடுத்தார். 1848-இல் இலக்கணம், 1850-இல் சுமார் 25,000 சொற்களோடு அகராதி. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: நாடு விடுதலையாகிவிட்டது, மொழி எப்போது ஆகும்? வட்டாரப் பேச்சுகளில் எது பழைய உருவத்தை முழுசாக வைத்திருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்தார். அதனால் அவர் கட்டிய மொழியில், இன்று 'நீநொர்ஸ்க்' என்ற பேரில் வழங்கும் எழுத்து மொழியில், ஜன்னல் இன்னும் 'விண்டௌகெ'. உள்ளே கண் தெரியும். சனிக்கிழமை 'லௌர்டாக்'. குளியல் கொஞ்சம் தெரியும்.

ஜெர்மன் முன்னொட்டுச் சொற்களையும் அவர் வடிகட்டினார். 'பெயின்னெ'க்குப் பதில் 'பிர்யெ'. அன்புக்கு 'ஷேர்லிஹேத்' வேண்டாம், அதில் '-ஹேத்' ஜெர்மன் வால். 'ஷேர்லைக்' போதும். இறக்குமதி ஒட்டுகள் உள்ள இந்த வகைச் சொற்களை அங்கே கிண்டலாக 'அன்பெஹைதெல்செ சொற்கள்' என்பார்கள். அந்தப் பேரே அந்த ஒட்டுகளை வரிசையாகக் கோர்த்துச் செய்த ஒரு சொல்தான்! 1885-இல் நாடாளுமன்றம் ஓசனின் மொழிக்கு டேனிஷ் வழி எழுத்து மொழியோடு சமமான இடம் கொடுத்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் சொச்சம் அதில் படிக்கிறார்கள். மற்றவர்கள் 'புக்மோல்'. புத்தக மொழி என்று பொருள். க்னூட் க்னூட்சன் என்ற ஆசிரியர் வேறு பாதையில் போனார். டேனிஷை ஒரேயடியாகத் தூக்கி எறியாமல், படித்த நார்வேக்காரர்களின் உச்சரிப்புக்கு ஏற்ப மெல்ல மெல்ல எழுத்தை மாற்றலாம் என்றார். 1907-லும் 1917-லும் வந்த எழுத்துச் சீர்திருத்தங்கள் அந்தப் பாதையில் போனவை.

கூட்டுச்சொல்லின் பின்பகுதிக்காக ஒரு நகரமே சண்டை போட்டதும் உண்டு. ட்ரொன்ஹெய்ம். டேனிஷ் காலத்தில் எழுதியது 'ட்ரொன்யெம்'. 'யெம்' டேனிஷ் வடிவம், 'ஹெய்ம்' நார்வேஜிய வடிவம், ரெண்டுக்கும் 'வீடு' என்றே அர்த்தம். 1930-இல் நாடாளுமன்றம் ரெண்டையும் விட்டுவிட்டு 'நிடரோஸ்' என்ற இடைக்காலப் பேரை வைத்தது. ஊர் ஜனம் கொதித்துப்போய் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருஷமே, 1931-இல், பழைய பேர் திரும்பியது, ஆனால் எழுத்து 'ஹெய்ம்' என்று மாறிக்கொண்டது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது இன்றும் 'யெம்' பக்கமாகத்தான் ஒலிக்கிறது! மேலே ஒரு அரசாங்கம், கீழே ஒரு நாக்கு. நாக்கு ஜெயிக்கும்.

தெற்கே கிறிஸ்தியான்சான் என்று ஒரு நகரம். டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்தியான் 1641-இல் தன் பேரில் கட்டியது. பார்த்தால் கூட்டுச்சொல். ஆனால் அழுத்தம் கடைசி அசையில், 'சான்' மேல். வழக்கமான விதிக்கு நேர் எதிர். கோபன்ஹேகனை டேனிஷ்காரர்கள் பின்பக்கம் அழுத்தித்தான் சொல்வார்கள், அதே ஜாடை.

பண்ணைப் பெயர்களுக்கு 1990-இல் தனிச் சட்டமே போட்டார்கள். பரம்பரையாக உள்ளூரில் உச்சரிக்கிறபடி எழுதவேண்டும் என்பது அடிப்படை. தேய்ந்ததைத் தேய்ந்தபடியே மதிக்கும் சட்டம்! ஆனால் ஒரு சிக்கல். அங்கே பண்ணைப் பேர்தான் பலருக்குக் குடும்பப் பேர். டேனிஷ் காலத்து எழுத்தில் தாத்தா கையெழுத்துப் போட்டிருப்பார். நிபுணர் வந்து 'உங்க பேரை இப்படித்தான் எழுதணும்' என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 2015-இல் சட்டத்தைத் திருத்தி, தன் பண்ணையின் பேரை எப்படி எழுதுவது என்று முடிவெடுக்கும் உரிமையைச் சொந்தக்காரருக்கே கொடுத்தார்கள்.

கடைசியாக இன்றைய சண்டை: 'ஸேர்ஸ்க்ரீவிங்', அதாவது பிரித்து எழுதுவது. ஒட்ட வேண்டிய சொல்லை ஆங்கில பாணியில் நடுவே இடைவெளி விட்டு எழுதுவதைத்தான் சொல்கிறார்கள். அங்கே இலக்கண ஆர்வலர்களுக்கு இது நம்ம ஊர் ல-ள-ழ மாதிரி, பார்த்தாலே ரத்தம் கொதிக்கும். சும்மா இல்லை, அர்த்தமே கவிழ்ந்துவிடும். 'ரொய்க்ஃப்ரித்' என்றால் புகை பிடிக்காத இடம். 'ரொய்க் ஃப்ரித்' என்று பிரித்தால் தாராளமாகப் புகை பிடியுங்கள்! 'லம்மெலோர்' ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. பிரித்தால் முடங்கிப்போன தொடைகள். 'வறுத்த கோழி ஈரல்' என்று எழுத நினைத்து நடுவே இடைவெளி விட்டால் 'வறுத்த கோழி உயிரோடு இருக்கிறது'. சாப்பிடப் போனவன் ஓடியே போவான்.

பழி ஆங்கிலத்தின் மேலும் கம்ப்யூட்டரின் மேலும் விழுகிறது. கம்ப்யூட்டர் விஷயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கு. பிழை திருத்தும் மென்பொருள் அகராதியில் இல்லாத புதுக் கூட்டுச்சொல்லைப் பார்த்தால் சிவப்புக் கோடு போடும். பிரித்துவிட்டால் கோடு போய்விடும். மனுஷன் எது சுலபமோ அதைச் செய்வான். ஆனால் முழுப் பழியும் ஆங்கிலத்துக்கு இல்லை. இடைக்காலத்துத் தோல் ஏடுகளிலேயே கூட்டுச்சொற்களைப் பிரித்து எழுதியது ஏராளம். அப்போது யாரும் குழம்பவில்லை, ஏனென்றால் படிப்பது என்றாலே வாய்விட்டுப் படிப்பது. அழுத்தம் ஒட்டவைத்துவிடும். கண்ணால் மட்டும் படிக்கிற நமக்குத்தான் அந்த இடைவெளி பள்ளமாகத் தெரிகிறது.

ஒட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பசையும் பழைய சரக்குதான். 'வீன்கிளாஸ்' என்றால் வைன் கோப்பை. சிவப்பு வைன் கோப்பை என்றால் 'ரோவீன்ஸ்கிளாஸ்'. நடுவே ஒரு 'ஸ்' எங்கிருந்து வந்தது? முன்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் இந்த 'ஸ்' நுழையும். சிவப்பு வைனுக்கான கோப்பை, சிவப்பான வைன் கோப்பை இல்லை என்று அது சொல்லிவிடும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது அடைப்புக்குறி என்று உடனே விளங்கும். இந்த 'ஸ்' பழைய ஆறாம் வேற்றுமை உருபு. மழலையர் பள்ளிக்கு 'பார்னெஹாகெ', குழந்தைகளின் தோட்டம். நடுவே வரும் 'எ' பழைய பன்மை வேற்றுமையின் மிச்சம். வேற்றுமை உருபுகளெல்லாம் கொள்ளைநோய்க்குப் பிந்தைய ரெண்டு நூற்றாண்டில் பெரும்பாலும் மொழியை விட்டே போய்விட்டன. கூட்டுச்சொல்லின் மூட்டுகளில் மட்டும் பசையாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன.

சரி, இதெல்லாம் போன கதையா? இல்லை. நம்ம தொழிலையே எடுத்துக்குங்க. கம்ப்யூட்டருக்கு 'டாட்டாமஷீன்'. மென்பொருளுக்கு 'ப்ரொக்ராம்வாரெ'. பிரவுசருக்கு 'நெட்லேசர்', வலை படிப்பான். டேப்லெட்டுக்கு 'நெட்ப்ரெட்', வலைப் பலகை. எல்லாம் முதலில் ஓங்கி ஒரு அடி, பின்னால் மெல்ல ஒரு அடி. ட்யூனெ கல்லில் 'ரொட்டி காப்பவன்' என்று வெட்டினார்களே, அதே முறைதான் இன்றும் சொல் பிறக்கும் முறை.

ஒரு மொழி சொற்களைத் தேய்ப்பதில் தப்பே இல்லை. தேய்ந்தால்தான் அது வாயில் புழங்குகிறது என்று அர்த்தம். புதுச் சொல் கோர்க்கும் பழக்கம் நின்றால்தான் ஆபத்து. நார்வேக்காரர்கள் ஒரு காற்றுக் கண்ணை மூடிவிட்டு, அதே கையால் வலைப் பலகையைச் செய்துவைத்திருக்கிறார்கள். இன்னும் ஐநூறு வருஷத்தில் 'நெட்ப்ரெட்'டும் தேய்ந்து ரெண்டெழுத்தாகி, யாராவது ஒரு பையன் அர்த்தம் தெரியாமல் கையால் காட்டத்தான் போகிறான். காட்டட்டும்.

தமிழில் இப்படி உள்ளே இருப்பது தெரியாமல் தேய்ந்துபோன கூட்டுச்சொற்கள் உங்களுக்குத் தெரிந்தால் பின்னூட்டத்தில் போட்டுவிட்டுப் போங்க. ஊர்ப்பேராக இருந்தால் ரொம்ப சந்தோஷம்.